பெர்பெர் கம்பளத்தைப் புரட்டிப் பார்ப்பது எப்படி: கம்பளி, தறி, முடிச்சு, பராமரிப்பு

கம்பளம் விற்பவர் அதன் முகத்தை விரித்துக் காட்டுவார். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் முதுகை. ஒரு மூலையைத் தூக்கிப் புரட்டி, பாவு (தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய இழைகள்) எந்த நூலால் ஆனது, முடிச்சுகள் உண்மையிலேயே பாவைப் பற்றி நிற்கின்றனவா, சாயம் இழையின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறத்தையும் கோலத்தையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை நான் ஓர் இழப்பின் வழியாகத்தான் கற்றேன். மிகுந்த ஆசையோடு வாங்கி வந்த என் முதல் கம்பளத்தின்மீது ஒரு மழை நாளில் சன்னல் வழியாகச் சாரல் பட்டது. மறுநாள் காலையில் சிவப்புக் கட்டங்களின் சாயம் கரைந்து, வெள்ளைப் பரப்பில் கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அப்போதுதான் அதைப் புரட்டினேன். முதுகில் பசை தடவி முரட்டுத் துணி ஒட்டப்பட்டிருந்தது. குஞ்சம் தனியாகத் தைக்கப்பட்டிருந்தது. முடிச்சு என்று ஒன்றுகூட இல்லை. கடையில் அரை நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய செய்திகள் இவை. அந்த அரை நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு என்ன பொருள் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயரைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வீட்டுத் தரை முழுவதும் ஒட்டப்படும், சிறுசிறு வளையங்களும் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகளும் கொண்ட இயந்திர விரிப்புக்கும் ‘பெர்பெர்’ என்றே பெயர். அது பெரும்பாலும் நைலான் அல்லது பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனது. வட ஆப்பிரிக்கக் கம்பளத்தின் சாயம் ஏற்றாத கம்பளி நிறத்தை நினைவூட்டுவதால் வணிகர்கள் இட்ட பெயர் அது. அதற்கும் இங்கே பேசப்படும் கைத்தறிக் கம்பளத்துக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவு இல்லை. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்தே வரும் என்பதால் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

‘பெர்பெர்’ என்பதே வெளியார் இட்ட பெயர்தான். தம் மொழி பேசாதவர்களைக் கிரேக்கரும் ரோமரும் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது. அந்த மக்கள் தம்மை அமாசிக் என்றும், பன்மையில் இமாசிகென் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழி 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மொராக்கோவிலும், 2016இல் அல்ஜீரியாவிலும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. திஃபினாக் என்ற தொன்மையான எழுத்தின் புதுவடிவத்தை இன்று மொராக்கோவின் சாலைப் பலகைகளில்கூடக் காணலாம். சந்தையில் பெர்பெர் என்ற சொல்லே புழங்குவதால் தலைப்பில் அதை வைத்திருக்கிறேன். இனி இக்கட்டுரையில் அமாசிக் என்றே எழுதுகிறேன்.

கம்பளியைத் தொட்டு அறிதல்

இந்தக் கம்பளங்களில் மதிப்பின் பெரும்பகுதி கம்பளியில்தான் இருக்கிறது. மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலைகளில் திமஹ்தித் என்னும் ஆட்டினமும், தெற்கே சிருவா மலையைச் சுற்றிய வறண்ட நிலத்தில் அந்த மலையின் பெயரையே தாங்கிய சிருவா இனமும் வளர்கின்றன. சிருவா ஆட்டின் கம்பளி நீளமானது, பட்டுப்போல் ஒளிரக்கூடியது. தஸ்னாக்த் பகுதிக் கம்பளங்கள் பெயர் பெற்றதற்கு அந்தக் கம்பளி ஒரு முக்கியமான காரணம்.

கத்தரித்த கம்பளியை ஓடை நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, பெண்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீளமான இழைகளை இரும்புப் பற்கள் கொண்ட சீப்பில் ஒரே திசையில் வாரி எடுத்து, தக்ளியில் இறுக்கமாக முறுக்கி நூற்றால் அது பாவு நூல். தறியில் பல வாரங்கள் விறைப்பாக நிற்க வேண்டியது என்பதால் அதற்கு வலு வேண்டும். குட்டையான இழைகளைப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கு இடையே தேய்த்துப் பஞ்சுபோல் விரித்து, தளர்வாக நூற்றால் அது ஊடைக்கும் (பாவுக்குக் குறுக்காக ஓடும் இழை) முடிச்சுக்கும் ஆகும். எனவே நல்ல பழைய மலைக் கம்பளம் ஒன்றின் குஞ்சத்தைப் பிரித்துப் பார்த்தால், விறைப்பான, சற்றே மினுமினுப்பான கம்பளி நூல் கையில் படும். இன்று பல இடங்களில் கடையில் வாங்கிய பருத்தி நூலையே பாவாக ஏற்றுகிறார்கள். பருத்திப் பாவு ஏமாற்று வேலை ஆகாது. ஆனால் “எண்பது ஆண்டு பழையது, மலைக் கூடாரத்தில் நெய்தது” என்று சொல்லப்படும் கம்பளத்தின் குஞ்சம் வெள்ளைப் பருத்தியாக இருந்தால், அந்தக் கதையை நம்ப வேண்டியதில்லை.

உள்ளங்கையை, முடிச்சு நூல்களின் நுனிகள் எழுந்து நிற்கும் உரோமப் பரப்பின்மீது அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியில் இயற்கையான நெய்ப்பசை கொஞ்சம் எஞ்சியிருக்கும். கை வழுவழுப்பாக நகரும், அழுத்தியதும் உரோமம் மீண்டும் எழும். தோல் பதனிடும் இடங்களில் அறுத்த ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பு தடவிப் பிரித்தெடுக்கும் கம்பளியும் சந்தைக்கு வருகிறது. அது விலை குறைந்தது, காரத்தால் வெந்துபோனது. அதைத் தேய்த்தால் வறட்டுத்தனமாக உரசும், துண்டு துண்டாக உதிரும், ஒளி பட்டாலும் மங்கியே இருக்கும். புதிய கம்பளம் எதுவானாலும் முதல் சில மாதங்கள் தூசு போன்ற இழைகளை உதிர்ப்பது இயல்பு. ஆனால் ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்தவுடன் பாதியில் ஒடிந்து கையோடு வந்தால் அந்தக் கம்பளி நிற்காது.

கம்பளிதானா என்ற ஐயம் தீராவிட்டால், விற்பவரின் அனுமதியோடு குஞ்சத்திலிருந்தும் உரோமத்திலிருந்தும் ஒவ்வோர் இழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தயங்கித் தயங்கி எரியும். எஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு விரைவாக எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சுருங்கி, கெட்டியான மணியாக உறையும்.

தறியும் முடிச்சும் விட்டுச் செல்லும் தடங்கள்

அமாசிக் கிராமங்களில் கம்பளம் நெய்வது பெண்களின் வேலை. நகரங்களில் மிதிகட்டை வைத்த கிடைத்தறியில் துணி நெய்வோர் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் தறிக்கு அசெட்டா என்று பெயர். இரண்டு செங்குத்தான மரங்கள், அவற்றுக்கிடையே மேலும் கீழுமாக இரண்டு உருளைக் கட்டைகள், பாவைப் பிரிக்கும் ஒரு குறுக்குக் கோல், இழைகளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரே ஒரு விழுதுக் கோல் ஆகியவையே அதன் உறுப்புகள். ஊடையைக் கொண்டுசெல்லும் நாடா கிடையாது, மிதிகட்டை கிடையாது. ஊடையை விரலால் நுழைக்கிறார்கள். வேலை முடிந்ததும் தறியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம் என்பதால், ஆட்டு மந்தையோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அது ஏற்றதாக இருந்தது.

பாவு ஓட்டுவது தறியில் நடப்பதில்லை. தரையில் முளைகளை அடித்து, ஒரு பெண் நூல் உருண்டையைக் கையில் ஏந்தி முளைக்கு முளை நடந்துகொண்டேயிருக்க, முளையருகே அமர்ந்திருக்கும் மற்றொருத்தி ஒவ்வொரு சுற்றையும் ஒரு புரிக்கயிற்றால் பின்னிக் கட்டுகிறாள். அந்தப் பின்னலே பிறகு கம்பளத்தின் தொடக்க ஓரமாக நிலைத்துவிடுகிறது. அதனால்தான் பல மொராக்கோ கம்பளங்களில் ஒரு முனையில் குஞ்சம் இல்லாமல் புரிபோட்ட ஓரம் மட்டும் இருக்கும். தறியிலிருந்து அறுத்தெடுத்த மறுமுனையில் மட்டுமே குஞ்சம் தொங்கும். “ஒரு பக்கக் குஞ்சம் அறுந்துபோய்விட்டதே” என்று அதைக் குறையாக எண்ண வேண்டாம். கைத்தறியில் பிறந்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் எளிதில் கிடைக்காது.

முடிச்சிடுவதை அருகிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். நெய்பவர் தறியின்முன் தரையில் அமர்ந்து, இடக்கை விரல்களால் அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளை முன்னே இழுக்கிறார். வலக்கையில் உள்ள கம்பளி நூலை இரண்டின் மேலாகவும் படியவிட்டு, அதன் இரு நுனிகளையும் பின்புறமாகச் சுற்றி இரண்டு இழைகளுக்கும் நடுவே முன்னுக்கு இழுத்து, கீழ்நோக்கி வெடுக்கென இழுத்து இறுக்கி, கத்தியால் அறுக்கிறார். இரண்டு நுனிகளும் ஒரே இடைவெளியில் எழுந்து நிற்கும் இதுவே சமச்சீர் முடிச்சு. இதைத் தவிர, நூலைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிப் பிணைக்கும், அந்த நிலத்துக்கே உரிய ‘பெர்பெர் முடிச்சு’ ஒன்றும் உண்டு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைக் கைவிரலால் நுழைத்து, கனமான இரும்புச் சீப்பால் மேலிருந்து அடித்து இறக்குகிறார்கள். தறி நிற்கும் வீட்டை அந்தச் சீப்பின் ‘டக் டக்’ ஓசையைக் கொண்டே தெருவிலிருந்து அடையாளம் காணலாம்.

பாரசீகக் கம்பளத்தில் இரண்டு முடிச்சு வரிசைகளுக்கு இடையே பொதுவாக ஒன்று முதல் மூன்று ஊடை இழைகள் மட்டுமே ஓடும். மத்திய அட்லஸின் நீளுரோமக் கம்பளத்தில் அதைவிட மிகுதியான ஊடைகள் ஓடும். சிலவற்றில் விரல் அகலத்துக்கு வெறும் நெசவே தெரியும். மூன்று சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீண்ட உரோமம் கீழ்வரிசையின்மீது படிந்து அந்த வெற்றிடத்தை மூடிவிடுகிறது. இதைச் சோம்பலான வேலை என்று பாரசீக அளவுகோலால் மதிப்பிடுவது தவறு. அந்த மலைகளில் குளிர்காலத்தில் பனி கொட்டும். இவை பிறந்தது படுக்கவும் போர்த்திக்கொள்ளவும்தான். ஆட்டுத்தோலைப் போல உடலோடு வளைந்து படிய வேண்டிய ஒன்றை நெருக்கமாக முடிச்சிட்டால் அது பலகைபோல் விறைத்துவிடும்.

எனவே முடிச்சின் எண்ணிக்கையை விலைக்கு அளவாகக் கொள்ளாமல், எந்த வகை என்பதை அறியும் துணையாக மட்டும் கொள்ளுங்கள். எண்ண வேண்டுமானால், முதுகில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தை அளந்து, குறுக்கே உள்ள முடிச்சுகளையும் நெடுக்கே உள்ள வரிசைகளையும் எண்ணிப் பெருக்கி, அதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு கிடைக்கும். குறுக்கே 15, நெடுக்கே 12 என்று வைத்துக்கொண்டால் 18,000. இதைவிட முக்கியமானது, முதுகைப் பார்த்தவுடன் ஒவ்வொரு முடிச்சும் பாவைக் கவ்விய சிறு மேடுகளாகத் தெரிகிறதா என்பதே. துணி ஒட்டி மறைக்கப்பட்டிருந்தால், இழைகளைத் துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் குத்திச் செருகிப் பசையால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பசை சில ஆண்டுகளில் காய்ந்து தூளாகக் கொட்டும்.

முடிந்த கம்பளத்தைத் தறியிலிருந்து அறுக்கும்போது அதன்மீது நீர் தெளிக்கும் வழக்கம் வட ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. பாவு ஏற்றியதிலிருந்து தறிக்கு உயிர் உண்டு என்றும், அறுக்கும்போது அது இறக்கிறது என்றும் அவர்கள் கொண்ட நம்பிக்கையைச் சார்ந்தது அது. இதைப் படித்த பிறகு, குஞ்சத்தின் நுனியில் உள்ள கத்தி வெட்டை என்னால் வெறும் வெட்டாகப் பார்க்க முடிவதில்லை.

எந்த மலை, எந்தக் குடி

விற்பனைக்கு வருபவற்றில் புகழ் மிகுந்தது பெனி உராய்ன். இது ஓர் ஊரின் பெயர் அன்று; மத்திய அட்லஸின் வடகிழக்கில் வாழும் பதினேழு குடிகளின் கூட்டமைப்பு. சாயம் ஏற்றாத தந்த வெண்மைப் பரப்பில், கறுப்பு அல்லது கரும்பழுப்பு ஆட்டின் இயல்பான நிறத்திலேயே இழுத்த சாய்சதுரக் கோடுகள் இதன் அடையாளம். லெ கொர்புசியே, அல்வார் ஆல்ட்டோ போன்ற 20ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்கள் இவற்றை விரும்பியதால் ஐரோப்பிய வீடுகளில் பரவியது. அந்தப் புகழே இன்று தொல்லையாகவும் ஆகியிருக்கிறது; வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடு இருக்கும் எதையும், அது எந்த நாட்டில் எந்த இயந்திரத்தில் செய்யப்பட்டிருந்தாலும், இந்தப் பெயரால் விற்கிறார்கள். பழைய பெனி உராய்ன் கம்பளங்கள் நீண்டு ஒடுங்கியவை. தறியின் அகலமும் உறங்கும் இடத்தின் அமைப்பும் அந்த வடிவைத் தீர்மானித்தன. இரண்டுக்கு மூன்று மீட்டர் என்று அளந்தாற்போல் இருப்பது பெரும்பாலும் இன்றைய வரவேற்பறைக்காக நெய்யப்பட்டதே. அது குறையன்று, பழையது என்று சொல்லி விற்றால் மட்டுமே குறை.

அதே மத்திய அட்லஸில் பெனி ம்கில்ட் குடியினர் ஆழ்ந்த சிவப்பும் நீலமும் ஊதாவும் கலந்து கனமாக நெய்கிறார்கள். செம்மூர் குடியினர் முடிச்சுக் கம்பளத்தோடு, உரோமமே இல்லாத தட்டை நெசவிலும் வல்லவர்கள். சிவப்புப் பரப்பில் ஊசிவேலை போல் நுணுக்கமான பட்டைகள் அடுக்கடுக்காக ஓடும். இத்தகைய தட்டை விரிப்புக்கு ஹன்பல் என்று பெயர். மணப்பெண் தோளில் போர்த்தும், தகட்டு வட்டங்கள் வரிசையாகத் தைத்த ஹந்தீரா என்ற போர்வையையும் இப்போது தரைவிரிப்பாக விற்கிறார்கள். அது போர்த்திக்கொள்ளப் பிறந்தது. சுவரிலோ கட்டிலிலோ இருக்கட்டும், காலடியில் வேண்டாம்.

உயர் அட்லஸின் அஸிலால் பகுதியிலிருந்து வருபவை வெள்ளைப் பரப்பில் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கட்டற்று ஓடும் கோடுகள் கொண்டவை. பூஜாத் நகரைச் சூழ்ந்த பகுதியின் கம்பளங்களில் சிவப்பும் ரோஜா நிறமும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும். நெய்யத் தொடங்கிய கோலம் நடுவில் வேறொன்றாக மாறி, முடியும்போது மூன்றாவதாக ஆகியிருக்கும். முன்கூட்டி வரைந்த படம் இல்லாமல் நினைவிலிருந்தே நெய்வதால் வருவது இது. இவற்றில் சமச்சீரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்தவை தஸ்னாக்த் பகுதியைச் சேர்ந்தவை. வர்சசாத் நகரிலிருந்து அகாதிர் செல்லும் வழியில் உள்ள இச்சிற்றூர், அயித் வவுஸ்கித் என்ற குடிக் கூட்டமைப்பின் கம்பளச் சந்தை. சிருவா கம்பளியின் ஒளியும், மஞ்சிட்டிச் சிவப்பும், ஆரஞ்சு கலந்த மஞ்சளும் இங்கே சேர்கின்றன. கிளாவுயி என்று அழைக்கப்படும் வகையில் முடிச்சு உரோமம், தட்டை நெசவு, புரிபின்னல் என்ற மூன்று உத்திகளும் ஒரே விரிப்பில் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். கையை நெடுக்கே ஓட்டினால் மேடும் பள்ளமுமாக மூன்று வேறு பரப்புகளையும் விரலே சொல்லும். திறமையான கையில்லாமல் இதைச் செய்ய முடியாது. மூன்று உத்திகளும் நூலை மூன்று வேறு விதமாக இழுப்பதால், கவனம் பிசகினால் விரிப்பு கோணிக்கொள்ளும். தரையில் விரித்து, நான்கு மூலைகளும் படிகின்றனவா என்று பார்த்தாலே நெய்தவரின் திறம் தெரிந்துவிடும்.

பூஷெருயித் என்பது கந்தைக் கம்பளம். கம்பளி கிடைப்பது அரிதாகி, கடைத் துணிகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிழிந்த ஆடைகளைப் பட்டையாகக் கிழித்து முடிச்சிட்டுத் தம் வீட்டுக்காகவே பெண்கள் நெய்துகொண்டவை இவை. பருத்தி, நைலான், ஜரிகை எல்லாம் இதில் இருக்கும். எனவே மேலே சொன்ன கம்பளிச் சோதனைகள் இதற்குப் பொருந்தா. விலையும் எடையும் குறைவு, துவைப்பதும் எளிது. வண்ணத் துணிவில் இதற்கு நிகரில்லை என்பது என் கருத்து.

அல்ஜீரியாவில் கர்தாயா நகரைச் சூழ்ந்த ம்சாப் பள்ளத்தாக்கும், துனீசியாவில் மனித உருவங்களும் ஒட்டகங்களும் நெய்யும் கஃப்சாவும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ரபாத் நகரத்துக் கம்பளங்கள் அனத்தோலிய (துருக்கி) மாதிரிகளைத் தழுவிய நகர மரபு. அவற்றை அமாசிக் மரபில் சேர்ப்பதில்லை.

கோலங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாய்சதுரம் பெண்மையையும் கண்ணையும் குறிக்கும், நெளிகோடு பாம்பையோ நீரையோ குறிக்கும், ஐந்து புள்ளிகள் கண்ணேறு கழிக்கும் கையைக் குறிக்கும் என்று கடைக்காரர்கள் ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். கண்ணேறு பற்றிய அச்சமும் அதைத் தடுக்கும் குறிகளும் அந்தப் பண்பாட்டில் ஆழமாக இருப்பது உண்மை; பெண்களின் பச்சைகுத்தலிலும் மட்பாண்டங்களிலும் அதே வடிவங்கள் வருகின்றன. ஆனால் ஒரே வடிவத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறு பெயர் வழங்கும். “என் தாய் இப்படி நெய்தாள்” என்பதற்கு மேல் விளக்கம் சொல்லாத நெசவாளரும் உண்டு. எனவே கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சாயத்தைச் சோதித்தல்

மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த வேர் சிவப்பையும், அவுரி நீலத்தையும், மாதுளைத் தோல் மஞ்சளையும் பழுப்பையும் தரும், மருதாணியும் பயன்பட்டது. சாயம் பிடிக்கப் படிகாரம் சேர்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செயற்கைச் சாயங்கள் மலைச் சந்தைகளுக்கும் வந்துவிட்டன. ஆகவே செயற்கைச் சாயம் இருப்பதாலேயே ஒரு கம்பளம் புதியது என்றோ தாழ்ந்தது என்றோ முடிவு செய்யக் கூடாது. பூஜாத்தின் அழகிய ரோஜா நிறங்கள் பலவும் செயற்கைச் சாயம் வெயிலில் கனிந்து வந்தவையே. குங்குமப்பூச் சாயம் என்று முழுக் கம்பளத்தையும் காட்டினால் மட்டும் ஐயப்படுங்கள். தஸ்னாக்துக்கு அருகே தாலியுயினில் குங்குமப்பூ விளைவது உண்மைதான், ஆனால் அதன் விலைக்கு ஒரு கம்பளம் முழுவதையும் அதில் முக்குவது இயல்பன்று.

நிறம் ஓடுமா என்று அறிய, வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை நீரில் நனைத்துப் பிழிந்து, அடர்ந்த சிவப்பின்மீதும் நீலத்தின்மீதும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். லேசான சாயல் ஒட்டினால் முதல் சலவையில் கவனம் தேவை. தெளிவாக நிறம் இறங்கினால் வாங்க வேண்டாம். என் முதல் கம்பளத்துக்கு இதை நான் செய்யவில்லை.

பழமையைப் போலியாக உண்டாக்குவதும் உண்டு. கம்பளத்தை வாரக்கணக்கில் மொட்டை மாடி வெயிலில் போட்டு மங்கவைப்பது ஒரு முறை. குளோரின் கலந்த நீரில் அலசுவது மற்றொன்று. உரோமத்தை இரு கைகளாலும் பிளந்து அடியைப் பாருங்கள். பல்லாண்டு புழங்கிய கம்பளத்தில் நுனி மங்கி, அடிக்குச் செல்லச் செல்ல நிறம் படிப்படியாக ஆழும். நடந்த இடங்களில் உரோமம் தேய்ந்து, ஓரங்களில் உயரமாக இருக்கும். வெயிலில் மட்டும் போட்டதில் நுனியின் மங்கல் எங்கும் ஒரே சீராக இருக்கும், தேய்மானம் இராது. குளோரினில் வெந்த கம்பளி அடிவரை வெளுத்து, மூக்கருகே கொண்டுபோனால் மருந்து நெடி அடிக்கும், விரலில் ஒடியும். ஒரே நிறப் பரப்பில் பட்டை பட்டையாகத் தெரியும் நிற வேறுபாடு இவற்றில் சேராது. கையால் நூற்ற நூலைச் சிறுசிறு தொகுதியாகச் சாயமேற்றியதால் வருவது அது, விரும்பத்தக்கது.

வாங்கும் இடமும் விலையும்

மராகேஷின் கம்பளச் சந்தையில் கிடைக்காத வகை இல்லை. ஆனால் கம்பளம் அங்கே வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறியிருக்கும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறியிருக்கும், நெய்த பெண்ணுக்குப் போனது அதில் சிறு பங்காகவே இருக்கும். தஸ்னாக்த் போன்ற ஊர்களில் பெண்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. அங்கே போக முடிந்தவர்கள் அங்கே வாங்குவதே நேர்மையானது என்று உறுதியாகச் சொல்வேன். இணையத்தில் வாங்குவோர், முதுகின் அண்மைப் படம், பிரித்த உரோமத்தின் அடிப்பகுதி, இரு முனைகள், பகலொளியில் எடுத்த முழுப் படம், எடை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். முதுகைக் காட்டத் தயங்குபவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம்.

பேரம் அங்கே வழக்கம்தான். ஆயினும் ஒரு பெரிய கம்பளத்துக்குக் கம்பளி வாரி, நூற்று, சாயமேற்றி, வீட்டு வேலைகளுக்கிடையே முடிச்சு முடிச்சாக நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள். மிக மலிவாகக் கிடைத்தால் யாரோ ஒருவருடைய உழைப்பு அதில் விடுபட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

கடலோரத்து ஈரக்காற்றில் வாழ்பவர்களுக்குக் கம்பளியின் முதல் பகை அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கிறது, அதுவும் இருளான, அசைவில்லாத இடத்தில். சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதிதான் முதலில் அரிபடும். எனவே மாதம் ஒருமுறை புரட்டி, இரு புறமும் தூசு உறிஞ்சியால் உறிஞ்ச வேண்டும்; சுழலும் தூரிகையைக் கழற்றிவிட்டு, உரோமம் படியும் திசையிலேயே இழுக்க வேண்டும். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை அண்டவிடாமல் செய்ய உதவலாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது. சிறிய விரிப்பாக இருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுப்பது பலன் தரும்.

ஏதேனும் சிந்தினால் தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து மீண்டும் ஒற்றுங்கள். சாதாரணச் சலவைத் தூளின் காரம் கம்பளியைக் கெடுக்கும். வெந்நீரும் கசக்கலும் அதைத் திரளாக்கிச் சுருக்கிவிடும். முழுதாக அலச வேண்டிய நிலை வந்தால், கம்பளிக்கென்றே உள்ள மென்மையான திரவத்தைக் குளிர்நீரில் கலந்து, மழை இல்லாத, காற்றோட்டமான நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். நனைந்த கம்பளம் பல மடங்கு எடை கூடும். கொடியில் ஒரு முனையைத் தொங்கவிட்டால் பாவு இழுபட்டுக் கோணிவிடும். சாய்வான தரையில் படுக்கவைத்து நீரை வடியவிட்டு, அடியிலும் காற்றுப் புகும்படி கட்டைகளின்மீது பரப்பி, முதுகுவரை உலர்ந்ததைக் கையால் தொட்டு உறுதி செய்த பிறகே உள்ளே எடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போட்டால் வெயிலும் நடையும் ஒரே பக்கத்தைத் தேய்க்காது. சேமித்து வைக்கும்போது மடிக்காமல், சுத்தமான பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். உரோமத்தில் ஓர் இழை மட்டும் நீண்டு எழுந்து நின்றால் இழுக்காமல், மற்ற இழைகளின் மட்டத்துக்குக் கத்தரித்துவிட்டால் போதும். குஞ்சமுள்ள முனையில் ஊடை அவிழத் தொடங்கினால் தள்ளிப்போடாமல், அதே தடிமனுள்ள கம்பளி நூலால், மூன்று நான்கு ஊடைகளுக்கு உள்ளே ஊசியை நுழைத்து, பாவு இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஓரம் முழுவதும் சுற்றித் தைத்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை அது.